நீலப் புள்ளி எல்லை தாண்டிய காலை

காலை எட்டு மணி பதினேழு நிமிடத்துக்கு என் மகள் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தாள்.

இதில் பதறுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். எத்தனையோ கோடிப் பேர் தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்து நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்த நிமிடம் என் கைப்பேசி போட்ட கூச்சலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். தோசை மாவுப் பாத்திரத்தின் மேல் சாய்த்து வைத்திருந்த அந்தச் சனியன், ஒரு ஆம்புலன்சை முழுதாக விழுங்கிவிட்ட மாதிரி அலறியது. திரை முழுவதும் சிவப்பு. நடுவில் வெள்ளை எழுத்து: ‘உங்கள் அன்புக்குரியவர் பாதுகாப்பு மண்டலத்தை விட்டு வெளியேறிவிட்டார்.’ அதற்குக் கீழே வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி, மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

என் அன்புக்குரியவள் பெயர் யாழினி. இருபது வயது. ரத்தப் பரிசோதனைக்கூட வேலைக்கான படிப்பை முடித்துவிட்டு, வாழ்க்கையில் முதன்முறையாகத் தனியாக ஒரு நேர்காணலுக்குப் பஸ் ஏறியிருந்தாள். கரிக்கலாம்பாக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பாகூர் வழியாக, கிருமாம்பாக்கம் பக்கம் உள்ள ஒரு மருத்துவமனைக்கு. பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். இருப்பது ஒரே ஒரு இடம். கிடைத்தால் அவள் தினமும் தனியாகப் பஸ்ஸில் போய் வரலாம். கிடைக்காவிட்டால் எங்கள் தெரு முனை மருந்துக்கடையில், என் கண் பார்வையில், மாத்திரை எண்ணிக் கொடுக்க வேண்டும். இதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம். ஒரு மாதம் பேசாமல் இருந்து, சாப்பாட்டைப் பாதியில் வைத்து, அவள் வாங்கிய ஒப்பந்தம் அது. நான் போட்ட ஒரே நிபந்தனை, கையில் அந்த வாட்ச் இருக்க வேண்டும் என்பது.

நான் பயந்த சுபாவம் உள்ளவள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். (என் கணவர் அப்படிச் சொல்ல மாட்டார். யாழினியிடம், “உங்கம்மா மழை வர்றதுக்கு முன்னாடியே நனைஞ்சிடுவா” என்பார்.) இத்தனைக்கும் நான் படித்தவள். அரசு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் நடத்திக்கொண்டிருக்கிறேன். நடத்தி நடத்தியே பயம் ஏறியதோ என்னவோ.

போன மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று எங்கள் ஆசிரியர் அறையில் எல்லாக் கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் அலறின. சைலண்டில் போட்டிருந்தவையும் அலறின. தலைமையாசிரியர் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். எந்தக் கரையில் இருப்பவர்கள் எங்கே போக வேண்டும் என்று தெளிவாகத் தமிழில் செய்தி. ஜனங்கள் மாடு கன்றுகளை மேட்டுக்கு ஓட்டினார்கள், சாயங்காலம் தண்ணீர் வந்தது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆபத்து எங்கே இருக்கிறதோ அந்த இடத்தில் இருப்பவர்களின் சட்டைப் பைக்குள்ளேயே போய்க் கத்துகிற இந்த விஷயம் எனக்கு அன்றே பிடித்துப்போயிற்று. அரசாங்கத்துக்கு ஊர் முழுக்க இப்படி ஒன்று இருக்கும்போது, ஒரு தாய்க்கு ஒரே பிள்ளைக்காவது இருக்கக் கூடாதா?

அப்படித்தான் வாட்ச் வந்தது. அணிந்திருப்பவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லும். ஏதாவது தப்பு என்றால் நாம் கொடுத்து வைத்திருக்கும் ஆட்களுக்கெல்லாம் இடத்தோடு தகவல் அனுப்பும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதை நானே ஒழுங்குபடுத்தினேன். யாழினியைத் தொடவிடவில்லை. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நான் செய்த புத்திசாலித்தனங்களைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் உங்களுக்குப் புரியும்.

முதல் புத்திசாலித்தனம், பாதுகாப்பு மண்டலம். பிள்ளை எந்த எல்லைக்குள் இருந்தால் பத்திரம் என்று வாட்ச் கேட்டது. விரலால் வட்டம் போடலாம், அல்லது ஒரு பகுதியின் பெயரைத் தேர்ந்தெடுக்கலாம். என் விரல் போட்ட வட்டம் கத்தரிக்காய் மாதிரி வந்தது. அதனால் பெயரைத் தேடினேன். ‘புதுச்சேரி’ என்று இருந்தது. சரி என்று அழுத்தினேன்.

இங்கே வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் புதுச்சேரி ஒரே துண்டு நிலம் அல்ல. தட்டிலிருந்து சிந்திய சோறு மாதிரி இருக்கும். காரைக்கால் ஒரு பக்கம், மாஹே கேரளாவுக்குள், ஏனாம் ஆந்திராவுக்குள். அது மட்டும் இல்லை, எங்கள் வில்லியனூர், பாகூர் பக்கமே தமிழ்நாட்டோடு பின்னிக் கிடக்கும். ஒரு ஊர் எங்களுடையது, அடுத்த ஊர் அவர்களுடையது, அதற்கடுத்தது மறுபடி எங்களுடையது. ரோட்டில் பெட்ரோல் பங்க்கும் மதுக்கடையும் வரிசையாக வந்தால் பாண்டி, சட்டென்று தீர்ந்துபோனால் தமிழ்நாடு என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான். இதை எட்டாம் வகுப்பில் வருடா வருடம் நடத்துகிறவள் நான். வரைபடத்தில் புதுச்சேரியை ஒரே கட்டியாக வண்ணம் தீட்டும் பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைக்கிறவளும் நானேதான்.

ஆக, நான் அமைத்த ஏற்பாட்டின்படி யாழினி ராத்திரியோடு ராத்திரியாக ரயிலேறி மாஹே கடற்கரையில் போய் உட்கார்ந்திருந்தாலும் என் கைப்பேசி ‘பிள்ளை பத்திரம்’ என்று தூங்கியிருக்கும். பாகூர் தாண்டி ஒரு ரோட்டைக் குறுக்கே கடந்து டீ குடித்தால் ஊரைக் கூட்டும்.

இரண்டாவது, எச்சரிக்கையின் அளவு. குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று இருந்தன. எந்தத் தாயாவது குறைவை அழுத்துவாளா? ‘அதிகம்’ அழுத்தினேன். கொஞ்ச நேரத்துக்குள் எல்லையை அடிக்கடி தாண்டினால் ‘அசாதாரண நகர்வு’ என்று எல்லோருக்கும் தகவல் போகும் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்ததாம். நான் கண்ணாடி போடாமல் இருந்தேன்.

மூன்றாவதுதான் பெரியது. ஆபத்து என்றால் தகவல் போக வேண்டியவர்கள். பத்துப் பேர் வரை சேர்க்கலாம் என்றது வாட்ச். பக்கத்தில் இருக்கும் இரண்டு பேர் பெயரைப் போட்டு முடித்திருக்கலாம். ஆனால் எங்கள் குடும்பத்தில் பெயர் வரிசை என்பது லேசான விஷயமா? காது குத்துக்குப் பத்திரிகை அடித்தபோது ஒரு பெயர் மேலே போய் ஒரு பெயர் கீழே வந்ததில் இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பம் இது. நாளைக்கு ஏதாவது ஒன்று நடந்து, “ஆபத்துக்குக்கூட எம்பேரு போடலியா?” என்று யாராவது கேட்டுவிட்டால்? அதனால் கல்யாணப் பத்திரிகை ஒழுங்கிலேயே போட்டேன். முதலில் தாய்மாமன். அதாவது என் அண்ணன், வில்லியனூரில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். அடுத்து அத்தை. அதாவது என் கணவரின் அக்கா, சேலியமேட்டில் கரும்பு வைத்திருப்பவர். பிறகு பெரியப்பா, சித்தப்பா, ஒன்றுவிட்டவர்கள் என்று மரியாதை குறையாமல் பத்தையும் நிரப்பினேன். யார் வீட்டிலிருந்து யார் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் பற்றி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பத்திரிகை வைக்கும்போது அதையா யோசிப்போம்?

இப்போது எட்டு பதினேழுக்கு வருவோம். அன்று நான் பள்ளிக்கு விடுப்பு சொல்லியிருந்தேன்.

யாழினியைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. (நேர்காணலுக்குப் போகும்போது போனைச் சத்தமில்லாமல் பையில் போட்டுக்கொள் என்று வாசலில் நின்று மூன்று முறை சொல்லி அனுப்பியவள் நான்தான்.) என் கணவரைக் கூப்பிட்டேன். அவர் நெல் அறுவடை இயந்திரம் வைத்திருக்கிறார், விடியும் முன்பே வில்லியனூர்ப் பக்கம் ஒரு வயலுக்குப் போய்விட்டார். அவர் போன் ஃப்ரிட்ஜுக்கு மேலிருந்து இனிமையாகப் பாடியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், என் கைப்பேசி ‘டிங்’ என்றது. திரை பச்சை. ‘உங்கள் அன்புக்குரியவர் பாதுகாப்பாகத் திரும்பிவிட்டார்.’ எனக்கு உயிர் வந்தது. கருகிய தோசையை எடுத்துப் போட்டுவிட்டு வேறு தோசை வார்த்தேன். அது வேகும் முன் திரை மறுபடி சிவப்பு. அலறல். திருப்பிப் போடுவதற்குள் பச்சை. மறுபடி சிவப்பு. என் மகள் இரண்டு மாநிலங்களுக்கு நடுவில் கபடி ஆடிக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான் என்று பிறகு தெரிந்தது. வழியில் ஒரு பாலத்தில் வேலை நடந்ததால் பஸ்ஸைச் சுற்று வழியில் விட்டிருந்தார்கள். அந்தச் சுற்று வழி கடலூர் மாவட்டத்து ஊர்களுக்குள் புகுந்து, எங்கள் ஊர்களுக்குள் வந்து, மறுபடி புகுந்து போகும். பஸ்ஸில் இருந்த யாருக்கும் அது தெரியக்கூட இல்லை. வாட்சுக்கு மட்டும் தெரிந்தது.

அடுத்த முறை வந்த சிவப்பில் புதிதாக ஒரு வரி இருந்தது: ‘அசாதாரண நகர்வு. அனைத்துத் தொடர்புகளுக்கும் தெரிவிக்கப்பட்டது.’

கைப்பேசியைக் கீழே வைக்கும் முன் அண்ணன் கூப்பிட்டுவிட்டார்.

“வாணி! இன்னாடி ஆச்சு? பொண்ண எவன் தூக்கினான்?”

“தூக்கினாங்களா? யாருண்ணா சொன்னாங்க தூக்கிட்டாங்கன்னு?”

“என் போனு சொல்லுதுடி! செவப்பா கத்துது. நீ அழுவாத. வேனை எடுத்துகினு கெளம்பிட்டேன்.”

அதுவரை நான் யாராவது தூக்கியிருப்பார்கள் என்று நினைக்கவில்லை. தாய்மாமனே சொன்ன பிறகு எப்படி நினைக்காமல் இருப்பது? அவர் என்னை வைத்தும், நான் அவரை வைத்தும் பயந்துகொண்டோம். அதற்குள் சேலியமேட்டிலிருந்து அண்ணி, என் கணவரின் அக்கா, கூப்பிட்டார். கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது, பின்னால் டிராக்டர் சத்தம்.

“ஏ வாணி, புள்ள எங்க போவுது? என் போன்ல நம்ப கரும்புக் காட்டுப் பக்கம்தான் காட்டுது. ஆளுங்கள எல்லாம் டிரெய்லர்ல ஏத்திட்டேன். அவன் கைல கெடச்சான்னா...”

“எவன் அண்ணி?”

“எவனா இருந்தா இன்னா!”

அவசர எண்ணுக்கும் அடித்தேன். எடுத்த பெண் மிகப் பொறுமையாகப் பேசினார். எந்த மாவட்டம் என்றார். புதுச்சேரி என்றேன். “மேடம், நீங்க சொல்ற இடம் கடலூர் மாவட்டம்மா” என்றார். சொல்லி முடிப்பதற்குள் என் திரையில் பச்சை. “இல்லீங்க, இப்ப புதுச்சேரி” என்றேன். அவர் பொறுமை மாறாமல் கேட்டார்: “மேடம், உங்க பொண்ணு ஒரு இடத்துல நிப்பாங்களா?” அந்த நேரம் பார்த்து நீலப் புள்ளி நின்றது.

நின்ற இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரோடு இல்லை. வீடு இல்லை. முழுக்கப் பச்சை. என் பிள்ளை கரும்புத் தோட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அடுப்பை அணைத்தேனா என்றே எனக்கு நினைவில்லை. (அணைத்திருந்தேன். கதவைத்தான் பூட்டவில்லை.) ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தேன். பறந்துகொண்டிருக்கும்போதுதான் தெரிந்தது, நான் நைட்டியில் இருக்கிறேன். தோளில் ஒரு துண்டு. மற்ற நாட்களில் ஊர் எல்லை வரை ஒரு ஆளையும் பார்க்க முடியாது. அன்று என்னிடம் படித்தவர்கள் அத்தனை பேரும் ரோட்டில் நின்றார்கள். ஒருவன் மரியாதையாகச் சைக்கிளை விட்டு இறங்கி, “குட் மார்னிங் மிஸ்” என்றான். நானும் குட் மார்னிங் சொன்னேன். பழக்க தோஷம்.

கைப்பேசியை ஸ்கூட்டரின் முன்பெட்டியில் வைத்து, புள்ளியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். புள்ளியைப் பார்த்ததை விடச் சாமியைக் கூப்பிட்டதுதான் அதிகம். வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இனி இந்தப் பிள்ளையைத் தெரு முனை மருந்துக்கடைக்குக்கூட அனுப்ப மாட்டேன், வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று வழியில் இருந்த எல்லாக் கோயில்களுக்கும் வாக்குக் கொடுத்தேன்.

அந்த இடத்தை அடைந்தபோது முதலில் தெரிந்தது அண்ணனின் வேன். ரோட்டுக்குக் குறுக்கே, சினிமாவில் நிறுத்துகிற மாதிரி, நின்றுகொண்டிருந்தது. அதற்கு எதிரில் பஸ். பஸ்ஸுக்குப் பின்னால் அண்ணியின் டிராக்டர். டிரெய்லரில் கரும்பு வெட்டும் கத்திகளோடு பெண்களும் ஆண்களுமாகப் பதினைந்து பேர். இரண்டு பக்கமும் ஆள் உயரக் கரும்பு. நடுவில் ஒரு குறுகலான ரோடு, அது என் வரைபடத்தில் இல்லவே இல்லை. முன்னால் ஒரு கரும்பு வண்டி மெதுவாகப் போனதால் பஸ் நின்று நின்று வந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

கண்டக்டர் படிக்கட்டில் நின்றுகொண்டு அண்ணனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். “யண்ணா, வேனை எடுண்ணா. யாரும் யாரையும் தூக்கல. எல்லாரும் டிக்கெட்டு வாங்கிகினு அவங்களா ஏறினவங்கதான்.”

“அப்ப எங்க வூட்டுப் பொண்ணு எங்க?”

நான் யாரையும் கேட்கவில்லை. பஸ்ஸின் பக்கவாட்டில் ஓடினேன். மூன்றாவது ஜன்னல். கம்பியில் நெற்றியைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, மடியில் சான்றிதழ் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். (முந்தின நாள் கேள்வி கேட்டுப் பழக்கிவிடுகிறேன் என்று அவளைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.) கையில் வாட்ச் துடித்துத் துடித்து, ‘நலமாக இருக்கிறீர்களா?’ என்று கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த ஜன்னலுக்குக் கீழே நின்ற அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி எனக்கு வேடிக்கையாக எழுத வரவில்லை. இப்போதும் கைப்பேசி கொஞ்சம் சத்தமாக அடித்தால் அவள் அறையைத்தான் முதலில் எட்டிப் பார்க்கிறேன். அவள் மூச்சு விட்டதில் கன்னத்தில் விழுந்திருந்த முடி அசைந்தது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

கம்பி வழியாகக் கையை விட்டு அவள் கன்னத்தைத் தொட்டேன். கண் விழித்தாள். என்னைப் பார்த்தாள். நைட்டியைப் பார்த்தாள். திரும்பி, கத்திகளோடு நின்ற அத்தையைப் பார்த்தாள். குறுக்கே நின்ற மாமாவைப் பார்த்தாள்.

“அம்மா,” என்றாள். “நா இன்னும் தூங்கிகினுதான இருக்கேன்?”

அதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள் அந்தப் பக்கமிருந்தும், ஒன்று இந்தப் பக்கமிருந்தும் வந்தன. ஒன்றில் தமிழ்நாட்டுக் காவலர், நான் அழைத்ததால் வந்தவர். இன்னொன்றில் சிவப்புத் தொப்பியோடு எங்கள் காவலர், அண்ணன் அழைத்ததால் வந்தவர். இருவரும் ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்தவர்கள் போலிருந்தது. பஸ்ஸைச் சுற்றி ஒரு நடை நடந்தார்கள்.

“முன்சக்கரம் உங்களுது,” என்றார் தமிழ்நாட்டுக்காரர்.

“பின்சக்கரம் உங்களுது,” என்றார் சிவப்புத் தொப்பி. “பொண்ணு எந்த சீட்டு?”

“மூணாவது,” என்றார் கண்டக்டர்.

“அப்ப நம்பளுதுதான்,” என்றார் சிவப்புத் தொப்பி. “ஏம்மா, யாருனா உன்னத் தூக்கினாங்களா?”

“இல்ல சார்.”

“யாருனா தொந்தரவு குடுத்தாங்களா?”

யாழினி எங்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாள். “இப்பதான் சார் ஆரம்பிச்சிருக்காங்க,” என்றாள்.

பஸ் முழுக்கச் சிரித்தது. தமிழ்நாட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, “எறங்குடி, வூட்டுக்குப் போலாம். வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்” என்றேன்.

அவள் இறங்கவில்லை. கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

“அம்மா, நீ மொதல்ல மூச்சு வுடு. எனக்கு ஒண்ணும் ஆவல. பஸ்ல வந்தேன், தூங்கிட்டேன், அவ்ளோதான். பத்து மணிக்கு நா அங்க இருக்கணும். இன்னிக்கு எறங்கிட்டேன்னா, அப்பறம் நா எங்கியுமே ஏற மாட்டேன். உனக்கே தெரியும்.”

எனக்குத் தெரியும். அதுதான் பிரச்சினை. ஐந்து நிமிடத்துக்கு முன் கோயில்களுக்கு நான் கொடுத்த வாக்கு அதுவேதான். அவளை இறக்கிவிட்டால் அவள் பத்திரமாக இருப்பாள். ஆனால் பத்திரமாக மட்டும்தான் இருப்பாள். ஜன்னலிலிருந்து கையை எடுத்தேன். எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“அண்ணா,” என்றேன், “வேனை எடு.”

வேன் கிளம்பவில்லை. வந்த வேகத்தில் வந்து நின்றதில் அதற்கு என்ன கோபமோ, சாவியைத் திருப்பத் திருப்ப இருமியது. பஸ்ஸில் இருந்த ஆம்பிளைகள் இறங்கினார்கள். டிரெய்லரில் இருந்தவர்கள் கத்திகளைக் கரும்போரம் வைத்துவிட்டு வந்தார்கள். இரண்டு காவலர்களும் சேர்ந்துகொண்டார்கள். வேன் உருண்டு எங்கள் மாநிலத்திலிருந்து அவர்கள் மாநிலத்துக்குப் போய் ஓரமாக நின்றது.

கண்டக்டர் விசில் ஊதினார். “பாருங்கப்பா, மணி ஆயிடுச்சு. பொண்ணுக்குப் பத்து மணிக்கு இன்டர்வியூ. நடுவுல எறங்கறவங்க யாருனா இருந்தா கையத் தூக்குங்க.” நாலைந்து கைகள் பாதி எழுந்து, பக்கத்திலிருந்தவர்களின் பார்வையில் கீழே இறங்கின. “நல்லது. ஆஸ்பத்திரிதான் அடுத்த ஸ்டாப்பு.” கீரைக் கட்டுகளோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா யாழினியைத் தன் பக்கம் திருப்பி, கலைந்த முடியைப் பிரித்துப் பின்னிவிட ஆரம்பித்திருந்தார். யாரோ துப்பட்டாவுக்கு ஊக்குக் கொடுத்தார்கள்.

நான் வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். எல்லோரும் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் பஸ் கிளம்பியதும் என் ஸ்கூட்டர் அதன் பின்னால் போயிற்று. எனக்குப் பின்னால் டிராக்டர். எப்படியோ உயிர் வந்த வேனும் பின்னால். சிவப்புத் தொப்பிக்காரர், “எதுக்கும் நானும் வரேன்” என்று முன்னால் போனார். கிருமாம்பாக்கம் ரோட்டில் எங்களைப் பார்த்தவர்கள் பெண் அழைப்பு என்றுதான் நினைத்திருப்பார்கள். மணப்பெண்ணின் தாய் நைட்டியில் வருகிறாளே என்று கொஞ்சம் குழம்பியிருப்பார்கள்.

மருத்துவமனை வாசலில் பஸ்ஸும் டிராக்டரும் போலீசும் ஒன்றாக வந்து நின்றதைப் பார்த்துக் காவலாளி உள்ளே குரல் கொடுத்தார். தள்ளுவண்டியோடு இரண்டு பேர் ஓடிவந்தார்கள். “யாருக்கு அடி? எத்தினி பேரு?” யாழினி பஸ்ஸிலிருந்து இறங்கி, அவர்களைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். கொண்டுவந்த தள்ளுவண்டியைச் சும்மா திருப்பிக் கொண்டுபோக அவர்களுக்கு மனம் வரவில்லை. அங்கிருந்தவர்களில் நோயாளி மாதிரி இருந்தது நான் ஒருத்திதான். படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார்கள். பார்த்த பெண், கருவி கெட்டுவிட்டதோ என்று இன்னொரு கருவி எடுத்துவந்தாள்.

உள்ளே நடந்ததை யாழினி சொல்லித்தான் தெரியும். அறையின் ஜன்னல் வாசலைப் பார்த்து இருந்ததாம். கேள்வி கேட்ட டாக்டரம்மா வெளியே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அவங்கல்லாம் யாரு?” என்றாராம். “எங்க வீட்டு ஆளுங்க மேடம்.” “ஓ.” பிறகு காகிதத்தைப் பார்த்துக் கேட்டாராம்: “ரொம்ப அவசரம்னு ஒருத்தர தூக்கிட்டு வர்றாங்க. ரத்தம் எடுக்கணும். நீங்க மொதல்ல என்ன செய்வீங்க?”

நான் சொல்லிக் கொடுத்த பதில் ஒன்று உண்டு. கை கழுவுவதில் ஆரம்பித்து அரைப்பக்கம் வரும். யாழினி அதை மறந்துவிட்டாள்.

“கூட வந்தவங்கள வெளிய அனுப்புவேன் மேடம்.”

டாக்டரம்மா மறுபடி ஜன்னலைப் பார்த்தாராம். அதற்குப் பிறகு இன்னும் நிறையக் கேள்விகள், எல்லாம் படிப்பைப் பற்றி. எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறாள். மதியத்துக்குள் சொல்லிவிட்டார்கள், திங்கட்கிழமையே வரச்சொல்லி.

வாட்சை அவள் கழற்றி எறிந்துவிடுவாள் என்று நினைத்தேன். எறியவில்லை. மண்டலம், அளவு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஓரத்தில் இருக்கும் பொத்தானை மட்டும் வைத்துக்கொண்டாள். “எனக்கு வேணும்னா நான் அழுத்தறேம்மா. அழுத்தினா எல்லாரும் வாங்க, டிராக்டரோட வாங்க. அழுத்தலன்னா நல்லா இருக்கேன்னு அர்த்தம்.” இன்றுவரை அழுத்தவில்லை. தினமும் பஸ்ஸில் தனியாகப் போய் வருகிறாள். நான் தினமும் மூச்சு விடப் பழகிக்கொண்டிருக்கிறேன், ஓரளவுக்கு வருகிறது.

அன்று சாயங்காலம் வரை யாரும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. பிள்ளையைக் காப்பாற்ற வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப முடியுமா? மாமா, அத்தை, தூரத்தில் இருந்ததால் தாமதமாக வந்து சேர்ந்த மற்ற எட்டுப் பேர், அவர்கள் கூட்டி வந்தவர்கள் எல்லோருக்கும் சமைத்தேன். வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. அத்தனை பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான், எல்லோருக்கும் கடைசியாக, உடம்பெல்லாம் வைக்கோல் தூசியோடு என் கணவர் வந்தார்.

பத்துப் பேரில் அவர் பெயர் இல்லை. பத்திரிகையில் பெண்ணின் தகப்பனார் அழைக்கிறவர், அழைக்கப்படுகிறவர் இல்லையே. எனக்கு அது தோன்றவே இல்லை. நேர்காணல் மறுநாள் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் வாசலில் நின்று சொன்னதை என் அண்ணன் இன்றும் எந்த விசேஷத்திலும் எழுந்து நின்று அதே குரலில் நடித்துக் காட்டுகிறார், யாழினியின் ஆஸ்பத்திரியில் உள்ளவர்கள் வரை அது பரவிவிட்டது.

“இன்னா விசேஷம்? எனக்கு ஒருத்தரும் சொல்லல?” என்றார் அவர். எல்லோரும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அவர் தூணில் சாய்ந்து கால் தூசியைத் தட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

“வில்லியனூர் டீக்கடைல காலையிலருந்து ஒரே பேச்சு. நம்ப ஊருப் பொண்ணாம், பஸ்ல போய்க்கினு இருந்திருக்கு. வேனைக் குறுக்க வுட்டு மறிச்சிட்டானுங்களாம். கும்பல் கும்பலா கத்தியோட நின்னாங்களாம். ரெண்டு ஸ்டேட்டு போலீசும் வந்து ஒண்ணும் பண்ண முடியலயாம். நைட்டி போட்டுகினு ஸ்கூட்டர்ல வந்த ஒருத்திதான் அந்தக் கும்பலுக்கே தலைவியாம். ஆனா அந்தப் பொண்ணு இருக்குதே, அசரலயாம்பா. அத்தினி பேரையும் ஒரே வார்த்தைல அடக்கிட்டு, அதே பஸ்ல போயி வேலையும் வாங்கிகினு வந்துடுச்சாம். பொண்ணுன்னா அப்டி இருக்கணும். நீயும் இருக்கியே வாணி, இவளப் பொத்திப் பொத்தி வச்சிகினு... நாளையிலருந்து இவளத் தனியா அனுப்பு. அந்தப் பொண்ணு மாதிரி வரட்டும்.”